கட்டடத்தை இடித்தீர்கள், எண்ணிக்கை குறைந்தது, இப்போது பள்ளியையே மூடுவதா? மாவட்டக் கல்வி நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி நிர்வாகத்தினருக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலர்களுக்கும்,

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை 20-க்கும் கீழே இறங்கிவிட்டதால், வரும் கல்வியாண்டு முதல் அதை அடுத்த ஊர்ப் பள்ளியுடன் இணைப்பது குறித்துப் பெற்றோரின் கருத்தைக் கேட்டு அனுப்பும்படி தலைமையாசிரியருக்குத் தகவல் வந்திருக்கிறது. அதே வாரத்தில், இரண்டு வகுப்பறைகள் கொண்ட கட்டடம் கேட்டு நாங்கள் அனுப்பியிருந்த கருத்துரு, மாணவர் எண்ணிக்கை குறைவு என்ற ஒற்றைக் காரணத்துடன் திரும்பி வந்தது. கட்டடம் இல்லாததால்தான் குழந்தைகள் குறைந்தார்கள். குழந்தைகள் குறைந்ததால் கட்டடம் தர முடியாது என்கிறீர்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டிப் பள்ளியே தேவையில்லை என்ற முடிவுக்கு வருகிறீர்கள். இதைக் கேட்டுக்கொண்டு பெற்றோர் கையெழுத்துப் பதிவேட்டில் பேசாமல் ஒப்பமிட என்னால் இயலவில்லை.

நான் இப்பள்ளியில் படித்தவள். என் மகள் இங்கே நான்காம் வகுப்பில் இருக்கிறாள். 2022-இலும் 2024-இலும் பள்ளி மேலாண்மைக் குழு மறுகட்டமைக்கப்பட்டபோது இரண்டு முறையும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்ற முறையில், நடந்தவற்றை நடந்த வரிசையில் உங்கள் முன் வைக்கிறேன்.

எங்களுடையது காவிரியின் கடைமடை. பள்ளிக்கு நிலம் தந்தவர் ஒரு மிராசுதார். சுவரெழுப்ப மண் சுமந்தவர்கள் காலனித் தெருக்காரர்கள். நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தபோது, எங்கள் ஊராரும் பெஞ்சும் கரும்பலகையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக் கொடுத்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். முன்புறம் ஓட்டுக் கட்டடம், பின்புறம் பிற்காலத்தில் எழுந்த கான்கிரீட் வகுப்பறை என்று இருந்த பள்ளியின் ஓடுகளை, 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய கான்கிரீட் வகுப்பறையில் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை அகற்றும் பணி மாநிலமெங்கும் நடந்தது. அந்த வரிசையில் 2022 கோடை விடுமுறையில் எங்கள் ஊருக்கும் பொக்லைன் வந்தது.

இடிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. பிள்ளைகளின் தலைமேல் விழக்கூடிய கூரையை எந்தத் தாயும் காத்து நிற்க மாட்டாள். அடுத்த கல்வியாண்டுக்குள் புதிய கட்டடம் வந்துவிடும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை நம்பினோம். அதே ஆண்டில்தான், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பறைகள் கட்டப்படும் என்று பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே எங்கள் நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. அதன்பின் மூன்று வடகிழக்குப் பருவமழைகள் வந்து போய்விட்டன. கட்டடம் இருந்த இடத்தில் இன்று சத்துணவுக் கூடமும், கைப்பம்பும், வேப்பமரத்துக் கிளையில் மணிக்காகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டும் மட்டுமே இருக்கின்றன.

கட்டடம் இல்லாத ஒரு பள்ளி ஓராண்டை எப்படிக் கடக்கிறது என்பதை உங்கள் அலுவலகத்திலுள்ள எந்தப் படிவமும் கேட்பதில்லை. எனவே 2024-25 கல்வியாண்டை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

வெயில் தணியாததால் 2024 ஜூன் 10 அன்றுதான் பள்ளிகள் திறந்தன. அன்று முதல் எங்கள் பிள்ளைகள் காலையில் வேப்பமர நிழலிலும், நிழல் நகர்ந்த பிறகு ஊராட்சியின் சேவை மையக் கட்டடத்திலும் உட்காருகிறார்கள். அந்தச் சேவை மையம் ஒரே கூடம். ஐந்து வகுப்புகளும் இரண்டு ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் இருக்கும்போது, ஒரு மூலையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் மறு மூலையில் ஐந்தாம் வகுப்பின் ஆங்கிலப் பாடம் காதில் விழாது. மகளிர் குழுக் கூட்டம், தடுப்பூசி முகாம், மனு வாங்கும் நாள் என்று எது வந்தாலும் பிள்ளைகள் மீண்டும் மரத்தடிக்கே வர வேண்டும். ஜூலை 15 அன்று கல்வி வளர்ச்சி நாளைக் கொண்டாடினோம். காமராசரின் படத்தை மாட்ட ஓர் ஆணி அடிக்கச் சுவரில்லாமல், கைப்பம்பின் கைப்பிடியில் சாய்த்து வைத்து மாலை போட்டார்கள். அதைப் பார்த்து ஊரில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாமல் ஜூலை இறுதியில் திறக்கப்பட்டதால், எங்கள் பகுதியில் சம்பா நடவு தாமதமாகத் தொடங்கி ஒரே சமயத்தில் குவிந்தது. அந்த வாரங்களில் தாய்மார் விடிவதற்குள் நடவுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வீட்டில் எதுவும் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்து, காலை உணவுத் திட்டத்தின் கிச்சடியையோ பொங்கலையோ சாப்பிட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் இத்திட்டம் மாநிலம் முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்ட நாளிலிருந்து எங்கள் பள்ளியில் அது ஒருநாளும் நின்றதில்லை என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அடுப்புக்குக் கூரை இருக்கிறது, வகுப்புக்கு இல்லை என்பதே எங்கள் நிலை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்காக வகுப்பறையில் வாசிப்புக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று தனித்தனி மூலைகள் அமைக்கச் சொல்லி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தீர்கள். எங்கள் ஆசிரியை அட்டைகளையும் பொம்மைகளையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் காலையில் கூடத்துக்குக் கொண்டுவந்து, மாலையில் கழற்றி அதே பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். தொடக்கப் பள்ளிகளுக்கென்று அறிவிக்கப்பட்ட திறன்மிகு வகுப்பறைக்கான திரையும் எங்கள் பள்ளியின் பெயரில் வந்தது. மாட்டுவதற்குச் சுவர் இல்லாததால் அது அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் பக்கத்து ஊர்ப் பள்ளியின் இருப்பு அறையில் கிடக்கிறது. உங்கள் இருப்புப் பதிவேட்டில் அது எங்கள் பள்ளிக்கு வழங்கப்பட்டதாகவே இருக்கும்.

விஜயதசமி நாளில் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை நடத்தச் சொல்கிறீர்கள். தலைமையாசிரியர் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பிக் காத்திருந்தார். மூன்று பெற்றோர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் இருவர், எங்கே உட்கார வைப்பீர்கள் சார் என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். தீபாவளி கழிந்ததும் அவ்விரு குழந்தைகளும் தனியார் பள்ளி வேனில் ஏறினார்கள். அந்தத் தாய்களில் ஒருவர் மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டினார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். அரசுப் பள்ளியின் மீது மக்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவதற்கு முன் இந்தக் கடனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயலாக உருவெடுப்பதற்கு முன்பே கடைமடை மாவட்டங்களில் கொட்டிய மழையில் சம்பாப் பயிர் மூழ்கியது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தார். அது சரியானதே, அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் மழை விட்டுப் பிற பள்ளிகள் திறந்த பிறகும் எங்கள் பள்ளி திறக்க முடியவில்லை. சேவை மையத்தில் தாழ்வான தெருக்காரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பது நியாயமா என்று தலைமையாசிரியர் கேட்டபோது எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வேப்பமரத்தடியில் கணுக்கால் அளவு தண்ணீர். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள்.

நல்லெண்ணத்தோடு செய்த உதவி அது. ஆயினும் மண்டபத்தில் பள்ளி நடந்த நாட்களில் காலனித் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. யாரும் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அந்த வாசற்படியின் வரலாறு இரு தெருவாருக்கும் தெரியும். வருகைச் செயலியில் அவர்கள் ஒவ்வொரு நாளும் வராதவர்களாகப் பதிவானார்கள். அவர்களில் சிலரை, தாங்களாகவே இடைநின்றவர்களைப் போல இப்போது கணக்குக் காட்டுகிறீர்கள். அரசுப் பள்ளியின் நிலம் யாருடைய தெருவுக்கும் சொந்தமில்லாத நிலம். அங்கிருந்து பள்ளியை நகர்த்தி எந்த இடத்தில் வைத்தாலும் அந்த இடம் யாராவது ஒருவருடையதாகிவிடுகிறது. பொறியாளரின் மதிப்பீட்டில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று ஊரார் முன்வந்தபோது அலுவலர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பை நாங்கள் முழு மனத்தோடு ஏற்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண்டலம் இது. கீற்றின் கீழ் வகுப்பு நடத்தச் சொல்லி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பழைய கட்டடம் ஆபத்து என்று இடித்தவர்கள், கொட்டகை ஆபத்து என்று தடுத்தவர்கள், மூன்றாவதாக ஆபத்தில்லாத ஓரிடத்தைக் காட்டியிருக்க வேண்டும் அல்லவா? பாதுகாப்பின் பெயரால் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன நிர்வாகம், ஒருமுறைகூட இதோ என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லாப் பருவங்களையும் தாங்கக்கூடிய கட்டடம் வேண்டும், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் அதே அட்டவணையில் உள்ளன. மழை விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைத்தீர்கள். அந்தச் சனிக்கிழமைகளிலும் எங்கள் பிள்ளைகள் கூடத்துக்கும் மரத்தடிக்கும் இடையே பாயைச் சுமந்து நடந்தார்கள். வேலை நாள் கணக்கு சரியாக வந்திருக்கும். கற்பித்த நேரத்தைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பள்ளி உயிரோடுதான் இருக்கிறது. தொடக்க வகுப்புகளையும் சேர்த்துக்கொண்ட கலைத் திருவிழாவில் எங்கள் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வட்டார அளவில் கதை சொல்லிப் பரிசு வாங்கி வந்தாள். அறுவடை முடிந்த மாசி மாதத்தில், டிராக்டர் டிரெய்லரின் பக்கப் பலகைகளை இறக்கிவிட்டு மேடையாக்கி ஆண்டு விழா நடத்தினோம். கோலாட்டக் குச்சிகளுக்குத் தலைமையாசிரியரே வண்ணம் பூசினார். இரண்டு தெருவாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆர்வமில்லாத ஊரில் இப்படி நடக்காது. மார்ச் 1 முதல் சேர்க்கை தொடங்கிவிட்டது. பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் வீடுவீடாகப் போனபோது, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் இருக்குமா என்பதே எல்லா வாசலிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. இணைப்புத் தகவல் ஊரில் பரவிய பிறகு, விண்ணப்பம் வாங்கிச் சென்ற ஒரு தந்தை அதை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஊர்ப் பள்ளி எங்களுக்கு அயலானது அன்று. அங்குள்ள ஆசிரியர்கள் மீதும் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. காலனித் தெருவின் கடைசி வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போவதற்கு வடிகால் வாய்க்காலின் மதகைத் தாண்டி, மணல் லாரிகள் ஓடும் சாலையையும் குறுக்கே கடக்க வேண்டும். தூரம் அந்த வரம்பை மீறுகிறது. போக்குவரத்துக்கும் வழிக்காவலருக்கும் படி வழங்கலாம் என்று சொல்லப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த மதகுக்கு மேலே தண்ணீர் ஓடும் நாட்களில் எந்த ஆட்டோவும் அதைத் தாண்டாது என்பதை, அந்தப் படியைப் பரிந்துரைப்பவர் ஒருமுறை மழையில் வந்து பார்த்துவிட்டுப் பரிந்துரைக்கட்டும்.

ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25-இல் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியிருந்த 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்த அநீதியை நாங்களும் அறிவோம். ஆனால் எங்கள் கட்டடம் இடிக்கப்பட்டது 2022-இல். கட்டித் தரும் பொறுப்பு மாநிலத்தின் திட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியது. உண்மையில் நடந்தது இதுதான்: கல்வித் துறையைக் கேட்டால் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு என்றார்கள், ஒன்றியத்தைக் கேட்டால் கல்வித் துறையிலிருந்து கருத்துரு வரவில்லை என்றார்கள். கருத்துரு போனதும் எண்ணிக்கை போதவில்லை என்று திரும்பியது. முன்பெல்லாம் ஊராட்சித் தலைவரையாவது கூட்டிக்கொண்டு போய் நிற்போம்; 2025 ஜனவரியில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டதால் அந்த வழியும் அடைபட்டது. இந்த மடல் பொதுவெளிக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு குறித்த தகவலை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். அதையும் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் இந்த நாட்களுக்குள்ளேயே செய்ய வேண்டும், ஏனெனில் ஜூன் மாதத்தில் திரும்பப் பெற்றால் அதற்குள் மிச்சக் குழந்தைகளும் வேனில் ஏறியிருப்பார்கள். 2022-க்கு முன்பு 40-க்கு மேல் மாணவர்கள் இருந்த எங்கள் பள்ளியை, கட்டடம் இல்லாத ஆண்டுகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடக் கூடாது. புதிய கட்டடம் திறந்து இரண்டு முழுக் கல்வியாண்டுகள் கடந்த பிறகு வரும் எண்ணிக்கையையே எந்த முடிவுக்கும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

இரண்டு வகுப்பறைகள், தலைமையாசிரியர் அறை, ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள் ஆகியவற்றுக்கான நிர்வாக அனுமதியையும் பணி ஆணையையும் கோடை விடுமுறை முடிவதற்குள் வழங்க வேண்டும். தரைமட்டத்தை 2024 நவம்பரில் வெள்ளம் நின்ற அளவுக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும். அந்த அளவை வேப்பமரத்தின் அடியில் நாங்கள் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறோம், பொறியாளர் வந்து அளந்துகொள்ளலாம். கட்டுமானம் முடியும் வரை, தீப்பிடிக்காத கூரையும் மறைப்புச் சுவர்களும் கொண்ட தற்காலிக வகுப்பறைகள் இரண்டைப் பள்ளியின் சொந்த மனையிலேயே, அக்டோபரில் பருவமழை தொடங்குவதற்கு முன் அமைத்துத் தர வேண்டும். சேவை மையமோ மண்டபமோ இனி மாற்று இடமாகக் கருதப்படக் கூடாது.

பெற்றோரின் கருத்தை உண்மையாகவே அறிய விரும்பினால், பதிவேட்டை வீடுவீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டு, வேலைக்குப் போனவர்கள் திரும்பும் மாலை நேரத்தில், பள்ளி மனையில், இரு தெருப் பெற்றோரும் கூடும் கூட்டமாக நடத்த வேண்டும். கல்வித் துறையிலிருந்தும் ஊராட்சி ஒன்றியத்திலிருந்தும் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் வீதம் அதில் நேரில் பங்கேற்க வேண்டும்.

இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்குமான பதிலை, எந்தத் தேதிக்குள் என்ன நடக்கும் என்ற விவரத்துடன், வரும் மே 1 கிராம சபைக் கூட்டத்தில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியும் வகையில் எழுத்து மூலம் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
உறுப்பினர், பள்ளி மேலாண்மைக் குழு